மனசு ஒன்று சொல்லும், ரிஜிஸ்டர் ஒன்று சொல்லும்

எங்கள் பக்கத்தில் மருந்துக்கடைக்கு வருகிறவர்கள் சீட்டை நீட்டுவதைவிட நோயைச் சொல்லி மாத்திரை கேட்பதுதான் அதிகம். புளியந்தோப்பு, பட்டாளம், ஓட்டேரி, வியாசர்பாடி என்று இந்தச் சுற்றுவட்டாரத்தில் எந்தக் கடையில் வேண்டுமானாலும் சாயங்காலம் ஒரு மணி நேரம் நின்று பாருங்கள். "காய்ச்சலுக்கு ரெண்டு வேளைக்குக் குடுக்கா." "பல்லு வலிக்கு ஒரு மாத்திர." "போன தபா குட்தியே, மஞ்சக் கலரு, அதான் கேட்டுது." டாக்டர் பீஸ் கொடுக்க வழியில்லாதவர்களுக்கும், ஆஸ்பத்திரி வரிசையில் நின்றால் அன்றைய கூலி போய்விடும் என்கிறவர்களுக்கும் முதல் டாக்டர் நாங்கள்தான். ஆனால் நான் டாக்டர் இல்லை, பார்மசிஸ்ட். அவர்கள் கேட்பதற்கும் நான் தரக்கூடியதற்கும் நடுவில்தான் என் வேலை நடக்கிறது.

டி.பார்ம் என்னும் பார்மசி டிப்ளமோ படிக்கிற பிள்ளைகள் ஏதாவது ஆஸ்பத்திரியிலோ மருந்துக்கடையிலோ 500 மணி நேரம் பயிற்சி எடுத்தாக வேண்டும். எங்கள் கடைக்கும் வருவார்கள். அப்படி வந்த ஒரு பெண் கேட்ட கேள்வி மனசை விட்டுப் போகவில்லை. "எதிக்ஸ்னு ஒரு பாடம் இருக்குக்கா. பரீட்சைக்குப் படிச்சேன், எழுதினேன். ஆனா மனசாட்சிக்கு விரோதமில்லாம நடந்தாலே போதாதா? அதுக்குன்னு தனியா எதுக்கு ஒரு ரூலு?" அன்றைக்குக் கூட்டம். இரண்டு வார்த்தையில் ஏதோ சொல்லி அனுப்பினேன். விரிவாகச் சொல்ல வேண்டியதை இங்கே எழுதுகிறேன்.

நல்லது கெட்டது என்று நான் வீட்டிலிருந்து எடுத்து வந்தது ஒன்று. அம்மா சொல்லிக் கொடுத்தது, ராயபுரம் ராயப்பர் கோயிலில் ஞாயிற்றுக்கிழமை பூசையில் கேட்டது, தெருவில் பெரியவர்கள் நடந்துகொண்டதைப் பார்த்துப் பழகியது. ஒழுக்கம் என்றும் மனசாட்சி என்றும் சொல்கிறோமே, அது. அது என்னுடையது. பக்கத்துக் கடை பார்மசிஸ்ட் பாய்க்கு வேறு மாதிரி இருக்கும், எதிர்வீட்டுக்காரருக்கு இன்னொரு மாதிரி இருக்கும். இன்னொன்று தொழில் நெறி. அது நான் பிறப்பதற்கு முன்பே தொடங்கியது. கவுண்டருக்கு உள்ளே நானே நின்றாலும் பாய் நின்றாலும் அது மாறாது. நான் அதை மீறினால், முன்பின் தெரியாத ஒருவர்கூட "ஏம்மா இப்படிச் செய்தாய்?" என்று கேட்கலாம், புகார் எழுதலாம். என் மனசாட்சியை அப்படிக் கணக்குக் கேட்க யாருக்கும் உரிமை கிடையாது.

தத்துவம் படித்தவர்கள் எல்லோரும் இந்தப் பிரிவை ஒப்புக்கொள்வதில்லை. இரண்டையும் ஒன்றாகவே பேசுகிறவர்கள் நிறையப் பேர். இருநூறு வருடத்துக்கு முன்பு ஹேகல் பிரித்துத்தான் பேசினார். தனி ஆளின் உள்மனசு சொல்வதை ஒரு பக்கமும், குடும்பம், தொழில், அரசு என்று மனிதர்கள் சேர்ந்து வாழ்வதற்குள் ஊறியிருக்கும் நெறியை இன்னொரு பக்கமும் வைத்தார். அவர் சொன்னது முழுவதும் எனக்குப் பிடிபட்டது என்று சொல்ல மாட்டேன். ஆனால் ராத்திரி கடை மூடும் நேரத்தில் காய்ச்சல் குழந்தையோடு ஒருத்தி வந்து நிற்கும்போது அந்தப் பிரிவு எனக்கு நன்றாகவே விளங்குகிறது.

அதிலிருந்தே தொடங்குகிறேன். குழந்தைக்கு உடம்பு கொதிக்கிறது. அவள் ஹவுஸ் கீப்பிங் வேலை முடித்து, பஸ் பிடித்து வந்து, குழந்தையைத் தூக்கிக்கொண்டு கடைக்கு ஓடி வந்திருக்கிறாள். போன முறை டாக்டர் எழுதிய ஆன்டிபயாடிக் சிரப்பின் காலி பாட்டில் கையில் இருக்கிறது. சீட்டு இல்லை. "அதே மருந்துதான்க்கா. கேட்டுது. குடுத்துடு." பாட்டிலில் செஃபிக்சிம் என்று போட்டிருக்கிறது.

மனசு கொடு என்கிறது. சத்தியமாகச் சொல்கிறேன், ஒவ்வொரு முறையும் அப்படித்தான் சொல்கிறது. எதிரில் நிற்பவளின் முகம் அப்படி. சட்டம் கொடுக்காதே என்கிறது. 2013இல் மத்திய அரசு எச்1 என்று ஒரு புது அட்டவணை கொண்டு வந்தது. 2014 மார்ச் 1 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. முதலில் 46 மருந்துகள் அதில் இருந்தன. செஃபிக்சிம் உண்டு, லெவோஃப்ளாக்சசின் உண்டு, காசநோய்க்குத் தரும் ரிஃபாம்பிசின் உண்டு, தூக்க மாத்திரைகள் சில உண்டு. சீட்டு இல்லாமல் தரக்கூடாது. சீட்டு பார்த்துத் தந்தால், அதை எழுதிய டாக்டர் பெயர், விலாசம், நோயாளி பெயர், மருந்து, அளவு எல்லாம் தனி ரிஜிஸ்டரில் ஏற வேண்டும். அந்த ரிஜிஸ்டரை மூன்று வருடம் பத்திரமாக வைத்திருக்க வேண்டும்.

இது என்ன, மனுஷத்தனம் இல்லாத காகித வேலையா? பயிற்சிப் பிள்ளைகளுக்கு அப்படித்தான் தோன்றும். அவர்களிடம் நான் அலெக்சாண்டர் ஃபிளெமிங் கதையைச் சொல்வேன். பெனிசிலினைக் கண்டுபிடித்ததற்காக 1945இல் நோபல் பரிசு வாங்கினார். பரிசு வாங்கிய கையோடு ஆற்றிய உரையிலேயே எச்சரித்தார். பெனிசிலின் கடையில் யார் வேண்டுமானாலும் வாங்கும் காலம் வரலாம் என்று சொல்லி, ஒரு கற்பனைக் குடும்பத்தைக் காட்டினார். கணவனுக்குத் தொண்டை வலி. கடையில் கொஞ்சம் பெனிசிலின் வாங்கிப் போட்டுக்கொள்கிறான். கிருமியைக் கொல்லப் போதாத அளவு, ஆனால் மருந்தை எதிர்க்க அதற்குக் கற்றுக்கொடுக்கப் போதுமான அளவு. அந்தக் கிருமி மனைவிக்குத் தொற்றி நிமோனியா ஆகிறது. டாக்டர் பெனிசிலின் கொடுக்கிறார், வேலை செய்யவில்லை. அவள் இறந்துபோகிறாள். இந்தச் சாவுக்கு யார் பொறுப்பு என்று கேட்டார். கணவன் என்று அவரே பதிலும் சொன்னார்.

ஃபிளெமிங் கணவனோடு நிறுத்திவிட்டார். எனக்கு அந்தக் கதையில் இன்னொருவர் தெரிகிறார், அந்தக் கொஞ்சம் பெனிசிலினை விற்ற கடைக்காரர். அவர் எதிரில் தொண்டை வலிக்காரன் நின்றான், வலியில் இருந்தான், காசும் கொடுத்தான். அந்த மனைவி கடைக்கு வரவே இல்லை.

எனக்குத் தொழில் நெறி என்றால் இதுதான். மனசாட்சிக்குக் கண் எதிரே நிற்கும் முகம் தெரியும். வரிசையில் இல்லாதவர்களின் முகம் தெரியாது. ஓட்டேரி காசநோய் ஆஸ்பத்திரியில் படுத்திருப்பவர் என் கடை வரிசையில் இல்லை. இருமலுக்கு என்று யாரோ கேட்க, யாரோ ஒரு கடையில் லெவோஃப்ளாக்சசினை நாலு நாளைக்குக் கொடுத்தால், உள்ளே காசநோய் இருந்தால் இருமல் கொஞ்சம் தணிந்து நோய் மறைந்துகொள்ளும். சளிப் பரிசோதனைக்குப் போவது தள்ளிப்போகும். அதற்குள் அவரிடமிருந்து வீட்டிலும் ஷேர் ஆட்டோவிலும் எத்தனை பேருக்குப் போயிருக்கும்? சாதாரண மருந்துக்குக் கட்டுப்படாத காசநோய்க்கு அதே லெவோஃப்ளாக்சசின்தான் முக்கியமான மருந்துகளில் ஒன்று. அதையும் நாம் இருமலுக்குக் கொடுத்துத் தீர்த்துவிட்டால் அந்த நோயாளிக்கு மிஞ்சுவது என்ன? இதையெல்லாம் கூட்டிப் பார்க்கும் சக்தி, ராத்திரி நேரத்தில் ஒரு தாயின் எதிரில் நிற்கும் என் மனசுக்குக் கிடையாது. அதனால்தான் நிதானமாக உட்கார்ந்து, முகம் பார்க்காமல், முன்கூட்டியே யாரோ எழுதிவைக்க வேண்டியிருக்கிறது.

சரி, அப்படியானால் அந்தத் தாயை என்ன செய்வது? "சீட்டு இல்லாமல் தரமாட்டோம்" என்று சொல்லி ஷட்டரை இழுத்துவிட்டால் நெறிப்படி நான் சுத்தம். கொடுக்காதே என்பதோடு ரிஜிஸ்டரின் வேலை முடிந்துவிடுகிறது. அதற்கு மேல் செய்ய வேண்டியதை மனசுதான் சொல்ல வேண்டும். காய்ச்சல் எத்தனை என்று பார்க்கிறேன். மூச்சு வேகமாக வாங்குகிறதா, நெஞ்சு உள்ளே இழுக்கிறதா, குழந்தை பால் குடித்ததா, மூத்திரம் போனதா என்று கேட்கிறேன். எடைக்குத் தகுந்த பாராசிட்டமால் அளவை மூடியில் கோடு போட்டுக் காட்டுகிறேன். மூச்சு சரியில்லை என்றால் இப்போதே ஸ்டான்லிக்குப் போ, குழந்தைகள் வார்டு ராத்திரியும் இருக்கும், காசு கேட்க மாட்டார்கள் என்று சொல்லி ஆட்டோவும் பிடித்துத் தருகிறேன். கடையில் கூட்டம் காத்திருக்கும், முணுமுணுக்கும். காத்திருக்கட்டும். நெறியை மட்டும் பிடித்துக்கொண்டு இதைச் செய்யாமல் விடுகிற பார்மசிஸ்டை நான் நல்ல பார்மசிஸ்ட் என்று சொல்ல மாட்டேன்.

போதைக்கு மாத்திரை கேட்டு வரும் பையன்கள் விஷயத்தில் யோசிக்கவே ஒன்றுமில்லை. நைட்ரசெபாம், டேபெண்டடால் என்று பெயரைச் சரியாகச் சொல்லியே கேட்பார்கள். மனசும் ரிஜிஸ்டரும் அங்கே ஒரே பதிலைத்தான் சொல்கின்றன. பயம் மட்டும் வேறு சொல்லும். தனியாக நிற்கும் பார்மசிஸ்டுக்கு, அதுவும் ராத்திரி பத்து மணிக்கு, அந்தப் பயம் நியாயமானது. கடை வாசலில் கேமரா வையுங்கள், ராத்திரி ஒரு ஆளைத் தனியாக நிற்க விடாதீர்கள் என்று முதலாளிகளிடம் சொல்வதைத் தவிர இதில் எனக்குத் தத்துவம் எதுவும் இல்லை.

இதற்கு நேர்மாறான விஷயம் ஒன்று இருக்கிறது. அங்கே ஒழுக்கம்தான் தடையாக நிற்கிறது.

அவசரக் கருத்தடை மாத்திரை. லெவோநார்ஜெஸ்ட்ரல் ஒன்றரை மில்லிகிராம், ஒரே ஒரு மாத்திரை. உறவுக்குப் பிறகு 72 மணி நேரத்துக்குள் போட வேண்டும், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. இதற்குச் சீட்டே தேவையில்லை. ஏற்கெனவே உண்டான கருவை இது கலைக்காது. கரு முட்டை வெளியே வருவதைத் தள்ளிப்போடுவதுதான் இதன் வேலை. கருக்கலைப்பு மாத்திரை முற்றிலும் வேறு மருந்து, அது டாக்டர் கையில்தான் இருக்க வேண்டும். இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்பவர்கள் கவுண்டருக்கு உள்ளேயும் இருக்கிறார்கள் என்பது வருத்தமான உண்மை.

சென்னையில் இந்த மாத்திரையைத் தேடி அலைந்த பெண்களைக் கேட்டுப் பாருங்கள். கடை கடையாக "இல்ல", "ஸ்டாக் வர்றதில்ல", "கவர்மென்ட்ல தடை பண்ணிட்டாங்க" என்ற பதில்தான். தடை எதுவும் கிடையாது. அப்புறம் ஏன் இல்லை? பல வருடம் எங்கள் கடையிலும் இருக்கவில்லை. முதலாளி அண்ணன் நல்லவர். மாசக் கடைசியில் ஆயாக்களுக்குக் கடனில் பிரஷர் மாத்திரை கொடுப்பார், திருப்பிக் கேட்கவே மாட்டார். ஒருமுறை ஆர்டர் லிஸ்டில் நான் இதை எழுதியபோது அவரே அடித்துவிட்டார். "வேணாம்மா. கல்யாணம் ஆகாத பொண்ணுங்க வந்து வாங்கும். நாமளே கெடுத்த மாதிரி ஆயிடும். நமக்கும் பொண்ணுங்க இருக்கு." இதில் பொய் இல்லை, காசு ஆசையும் இல்லை, சுத்தமான ஒழுக்க உணர்வுதான் இருக்கிறது. அதனால்தான் இது என்னை இவ்வளவு பாதிக்கிறது.

என் நம்பிக்கையையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். நான் வளர்ந்த வீட்டில், நான் போகும் கோயிலில், இந்த மாத்திரையைச் சரி என்று சொல்ல மாட்டார்கள். என் வாழ்க்கையில் எனக்கு அந்தப் போதனை பெரியது. ஆனால் அது என் உடம்புக்கும் என் குடும்பத்துக்கும் நான் போட்டுக்கொண்ட வரம்பு. கடைக்கு வருகிறவளுக்கு அந்த வரம்பைப் போட எனக்கு யார் அதிகாரம் கொடுத்தார்கள்? அவள் கல்யாணம் ஆனவளா, ரப்பர் கிழிந்ததா, வீட்டில் புருஷன் குடித்துவிட்டு வந்தானா, யாராவது பலவந்தப்படுத்தினானா என்று எனக்குத் தெரியாது. கேட்கவும் கூடாது. அவள் 72 மணி நேரத்தில் பாதியைக் கடை தேடியே தொலைத்திருப்பாள். நான் கவுண்டரில் நிற்பது அந்தோணியம்மாவின் மகளாக இல்லை. மருந்து கவுன்சிலில் பதிவு பெற்றவளாக நிற்கிறேன். என்னைத் தெரியாத, என் நம்பிக்கை இல்லாத, நான் ஒழுக்கம் என்று நினைப்பதை ஒழுக்கம் என்று நினைக்காத ஒருத்தி நிம்மதியாக வந்து கேட்பதற்காகத்தான் அந்தப் பதிவும் அந்தச் சட்டையும்.

முதலாளியிடம் இதைப் பலமுறை பேசினேன். "நம்ம பொண்ணுங்க இருக்குன்னுதானேண்ணா சொல்றீங்க? அவங்களுக்கு ஒரு நாள் இப்படி ஒரு அவசரம்னா, எந்தக் கடைல எந்த மாதிரி ஆளு நிக்கணும்னு நெனைப்பீங்க?" என்று கேட்ட அன்றைக்கு அவர் பதில் சொல்லாமல் டீ குடிக்கப் போய்விட்டார். இப்போது எங்கள் கடையில் அந்த மாத்திரை இருக்கிறது. செய்தித்தாளில் சுற்றித் தருவதில்லை, நாப்கினையும் சுற்றுவதில்லை.

காசநோய் விஷயத்தில் மனசுக்கும் நெறிக்கும் நடுவில் இழுபடும் இந்தக் கயிறு இன்னும் இறுகும். 2018 மார்ச் முதல், காசநோய் மருந்து வாங்குகிறவர்களின் விவரத்தை மருந்துக்கடைகள் அரசுக்குத் தெரிவித்தாக வேண்டும். தெரிவிக்காவிட்டால் தண்டனை உண்டு. கல்யாணம் பேசிக்கொண்டிருக்கும் ஒரு பெண் தனியார் டாக்டர் எழுதிய சீட்டோடு வந்து, "யாருக்கும் தெரியக் கூடாதுக்கா" என்று கெஞ்சுகிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். தெரிவிக்காமல் இருக்க முடியாது என்று அவள் முகத்தைப் பார்த்தே சொல்லிவிட வேண்டும். அரசுக்குத் தெரிவித்தால் இலவச மருந்து கிடைக்கும், சத்துணவுக்கு மாதம் 1000 ரூபாய் கணக்கில் வரும், வீட்டில் மற்றவர்களுக்கும் பரிசோதனை நடக்கும். இதையும் சொல்ல வேண்டும். கொஞ்ச நாள் கழித்து மாப்பிள்ளை வீட்டு அத்தை ஒருத்தி வந்து, "அந்தப் பொண்ணு எதுக்கும்மா மாத்திர வாங்கினு போது? நல்லது கெட்டது தெரிஞ்சிக்கணுமில்ல" என்று கேட்பாள். தெருவின் ஒழுக்கப்படி அவளிடம் சொல்வதுதான் தர்மம், ஒரு குடும்பத்தைக் காப்பாற்றியதாக நாலு பேர் பாராட்டவும் செய்வார்கள். என் நெறிப்படி வாயைத் திறக்கக் கூடாது. ஒழுங்காக மருந்து சாப்பிட்டால் சில வாரங்களிலேயே தொற்றும் தன்மை வெகுவாகக் குறைந்துவிடும், பெரும்பாலானவர்களுக்கு ஆறு மாதத்தில் நோயே குணமாகிவிடும். ஆனால் தெருவில் போன பேச்சு ஆறு மாதத்தில் போகாது. ஒருத்தி விஷயம் வெளியே போனது தெரிந்தால், இருமலோடு இருக்கும் இன்னும் பத்துப் பேர் மருந்துக்கடைப் பக்கமே வரமாட்டார்கள்.

இதுவரை சொன்னதை வைத்து, நெறி என்றால் எப்போதும் சரி, மனசு என்றால் பலவீனம் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். நெறியை எடை போட வேண்டிய இடமும் வருகிறது.

மருந்து விதிகளில் 65ஆவது விதி எங்கள் கடைகளுக்கானது. அதில் 11ஏ என்று ஒரு பிரிவு. டாக்டர் சீட்டில் ஒரு கம்பெனியின் பெயரைப் போட்டு எழுதியிருந்தால், எச், எச்1, எக்ஸ் அட்டவணை மருந்துகளில் (சீட்டு இருந்தால்தான் தரக்கூடியவை) அதற்குப் பதில் வேறு எதையும் நான் தரக் கூடாது. உள்ளே இருக்கும் மருந்து அச்சு அசலாக அதேயாக இருந்தாலும் தரக் கூடாது. வீட்டு வேலை செய்யும் அம்மா ஒருத்தி சர்க்கரைக்கும் பிரஷருக்கும் விலை கூடிய பிராண்டு எழுதிய சீட்டோடு வருகிறாள். பத்து நாளைக்கு மட்டும் கொடு என்கிறாள், மாதத்தில் மீதி நாள் மாத்திரை இல்லாமல் ஓட்டுவாள். அதே மருந்து மக்கள் மருந்தகத்திலும், 2025 பிப்ரவரி 24 அன்று ஆயிரம் இடங்களில் திறந்த முதல்வர் மருந்தகங்களிலும் மிகக் குறைந்த விலைக்குக் கிடைக்கிறது. இங்கே என் மனசு சொல்வதுதான் சரி, விதிதான் தப்பு என்று பல பார்மசிஸ்டுகள் நினைக்கிறார்கள்.

நான் உடனே அப்படிச் சொல்ல மாட்டேன், ஏனென்றால் அந்த விதிக்கும் ஒரு காரணம் இருக்கிறது. அரசு விலை நிர்ணயித்த மருந்துகளில் சில்லறைக் கடைக்கு 16 சதவீதம்தான் லாபம். ஆனால் கடைக்காரருக்கு மிகக் குறைந்த விலையில் வந்து, அட்டையில் மட்டும் பெரிய விலை அச்சாகி வரும் சரக்கும் சந்தையில் உண்டு. மாற்றித் தரலாம் என்று கதவைத் திறந்துவிட்டால், விலை குறைந்ததைத் தருகிறவர்களைவிட லாபம் கூடியதைத் தருகிறவர்கள்தான் அதிகமாக இருப்பார்களோ என்ற பயம் நியாயமானது. அந்த விதி நோயாளியை என்னைப் போன்றவர்களிடமிருந்து காப்பாற்ற எழுதியது. அது எனக்குப் புரிகிறது. ஆனால் இன்றைக்கு அந்தப் பாதுகாப்பின் செலவு முழுவதும் பத்து நாள் மாத்திரை வாங்கும் அம்மாவின் தலையில் விழுகிறது. டாக்டர்கள் மருந்தின் மூலப்பெயரில்தான், அதாவது கம்பெனி பெயர் இல்லாமல்தான், எழுத வேண்டும் என்று 2023 ஆகஸ்டில் விதி வந்தது, அதே மாதத்திலேயே நிறுத்தியும் வைத்தார்கள். ஆக டாக்டரும் மாற்ற வேண்டியதில்லை, நானும் மாற்ற முடியாது. அதே மருந்து, அதே அளவு, விலை குறைவு, நோயாளிக்கும் சம்மதம் என்றால் பார்மசிஸ்ட் மாற்றித் தந்து ரிஜிஸ்டரில் எழுதிவைக்கலாம் என்று விதி திருந்த வேண்டும். சங்கக் கூட்டத்தில் பேசியிருக்கிறேன், இன்னும் பேசுவேன். அதுவரை திருட்டுத்தனமாக மாற்றித் தருவதில்லை. சீட்டின் பின்பக்கம் மூலப்பெயரை எழுதிக் கொடுத்து, "அடுத்த தபா டாக்டர்கிட்ட இத காட்டி எழுதிக் கேளும்மா" என்று அனுப்புகிறேன். நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் பதிந்தால் மக்களைத் தேடி மருத்துவத்தில் மாத்திரை வீட்டுக்கே வரும் என்றும் சொல்கிறேன்.

நெறியை எழுதும்போது அந்த அறையில் யார் இருந்தார்கள் என்று கேட்பதை எனக்குக் கற்றுக்கொடுத்தது பார்மசி காலேஜ் இல்லை, இந்த ஊர்தான். பி அண்ட் சி துணி மில் இருந்த இடம் எங்கள் கடையிலிருந்து நடக்கிற தூரம். 1918 ஏப்ரல் 27 அன்று சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது அந்த மில்காரர்களை நம்பித்தான். பி.பி.வாடியா, திரு.வி.க. போன்றவர்கள் முன்னால் நின்றார்கள். வேலைநிறுத்தம் என்றால் எல்லோரும் நிற்க வேண்டும், உடைத்து உள்ளே போகிறவன் துரோகி. தொழிலாளிக்கு இதைவிட முக்கியமான நெறி கிடையாது, இன்றைக்கும் நான் அதை மதிக்கிறேன். 1921இல் மாதக்கணக்கில் போராட்டம் நீண்டது. ஆதிதிராவிடத் தொழிலாளர்களில் பெரும்பாலோர் வேலைநிறுத்தத்தில் நிற்கவில்லை, வேலைக்குப் போனார்கள். புளியந்தோப்பில் மோதல் வெடித்தது, குடிசைகள் எரிந்தன, போலீஸ் சுட்டது, உயிர்கள் போயின. ஆதிதிராவிடத் தலைவர் எம்.சி.ராஜா அந்த மக்களுக்காக வாதாடினார். வீடிழந்தவர்களை வியாசர்பாடிப் பக்கம் முகாமில் கொண்டுபோய் வைத்தார்கள்.

யார் செய்தது சரி என்று இந்தத் தெருக்களில் இப்போதும் பெரியவர்கள் வாதாடுவார்கள். நான் இரண்டு பக்கமும் கேட்டு வளர்ந்தேன். மில் கேட்டில் தோழர் என்று கூப்பிட்டவர்கள் குழாயடியிலும் தெருவிலும் தள்ளி நிற்கச் சொன்னார்கள் என்றால், பட்டினி கிடக்கும்போது மட்டும் நீ எங்களில் ஒருவன், நெறியை மீறாதே என்று சொல்வதற்கு அவர்களுக்கு என்ன முகம் இருக்கிறது? நெறி தப்பில்லை. அந்த நெறிக்குள் ஆதிதிராவிடத் தொழிலாளர்களை முழு ஆளாக எண்ணிச் சேர்க்காமல், அதன் சுமையை மட்டும் அவர்கள் தலையில் ஏற்றினார்கள். முகாமுக்குப் போனவர்களின் பேரப்பிள்ளைகளும் கொள்ளுப்பேரப்பிள்ளைகளும் எங்கள் கடைக்கு வருகிறார்கள். பத்து நாள் மாத்திரை வாங்கும் அம்மா அந்த வழியில் வந்தவள். 11ஏ எழுதியவர்கள் அவளைக் கேட்டிருக்க மாட்டார்கள்.

இவ்வளவையும் மனசா ரிஜிஸ்டரா என்று நான் பேசிக்கொண்டிருப்பதற்கு, கவுண்டரில் பதில் சொல்லக் கடமைப்பட்ட ஒரு ஆள் நிற்க வேண்டும். பல கடைகளில் அப்படி ஒரு ஆளே கிடையாது. சுவரில் பார்மசிஸ்ட் சர்டிபிகேட் தொங்கும், அதன் சொந்தக்காரர் வேறு ஊரில் வேறு வேலையில் இருப்பார், மாதா மாதம் வாடகை மட்டும் அவர் கணக்கில் ஏறும். ப்ளஸ் டூ முடித்த பையன் செல்போனில் மாத்திரைப் பெயரைத் தேடிக் கொடுத்துக்கொண்டிருப்பான். அவனைக் குறை சொல்ல மாட்டேன், அவனுக்கு யாரும் எதையும் சொல்லித் தரவில்லை. சர்டிபிகேட்டை வாடகைக்கு விடுகிறவர்கள் மேல்தான் எனக்குத் தீராத கோபம். அவர்கள் வீட்டில் நல்ல அப்பாவாக, நல்ல மருமகளாக, கோயிலுக்கு ஒழுங்காகப் போகிறவர்களாக இருப்பார்கள். யார் முகத்தையும் பார்த்து அவர்கள் கெடுதல் செய்யவில்லை, அதனால் மனசு உறுத்துவதே இல்லை.

மனசாட்சி போதாதா என்று கேட்ட அந்தப் பெண் படிப்பை முடித்துப் பதிவும் வாங்கிவிட்டாள். போன மாதம் வந்தாள். திருவொற்றியூர் பக்கம் ஒரு கடைக்காரர் சர்டிபிகேட்டை மட்டும் கொடு, நீ வரவே வேண்டாம், மாதம் பிறந்தால் பணம் வந்துவிடும் என்று கேட்டிருக்கிறார். அவள் அப்பாவுக்கு வாரத்தில் இரண்டு முறை டயாலிசிஸ். கூடப் போக ஆள் வேண்டும், பணமும் வேண்டும். "நான் யாருக்கும் கெடுதல் பண்ணலியேக்கா" என்றாள். அப்பாவைப் பார்த்துக்கொள்ள நினைக்கிற மகளிடம் இதை எடுத்துச் சொல்வது லேசில்லை. காலி பாட்டிலோடு வந்த தாயை நினைவுபடுத்தினேன். "உன் சர்டிபிகேட் தொங்குற கடைக்கு அவ போவா. அங்க நீ இருக்க மாட்ட. குழந்தைக்கு மூச்சு வாங்குதான்னு யாரு பாப்பாங்க?" என்று கேட்டேன். பணத்துக்கு என்ன வழி என்றும் சேர்த்தே யோசித்தோம். அரசுக் காப்பீட்டில் அப்பாவின் டயாலிசிஸை மாற்ற ஸ்டான்லியில் விசாரித்திருக்கிறோம். எங்கள் கடையில் சாயங்காலம் ஆறிலிருந்து பத்து வரை இரண்டாவது பார்மசிஸ்ட் தேவைதான். அந்தத் திருவொற்றியூர் கடைக்காரர் சொன்ன வாடகைக்குச் சமமாகவாவது சம்பளம் தர வேண்டும் என்று முதலாளி அண்ணனிடம் பேசிக்கொண்டிருக்கிறேன். பாதி சம்மதித்துவிட்டார்.